அமெரிக்கப் பனிப்புயலை எத்தனை நாள் முன்னால் கணிக்க முடியும்? ஆளுக்கொரு அளவு சொல்கிறார்களே, எந்த மாடலை நம்புவது?

பிப்ரவரியில் உங்கள் பெற்றோர் நியூ ஜெர்சிக்குப் போகிறார்கள், ஒரு ஆப் 20 அங்குலப் பனி என்கிறது, இன்னொன்று 4 அங்குலம் என்கிறது, டிக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கவலையில் நானும் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். (மாடல் என்றால், இன்றைய வானிலையை வைத்து வரும் நாட்களைக் கணக்கிடும் கணினி நிரல்.) புயல் ஒன்று உருவாகுமா என்பது ஐந்து முதல் ஏழு நாள் முன்னாலேயே ஓரளவு தெரிந்துவிடும். எந்த ஊரில் எத்தனை அங்குலம் என்பது கடைசி ஒன்றிரண்டு நாளில்தான் தெளியும். சில ஊர்களுக்கு அப்போதும் தெளியாது. அந்தச் சில ஊர்கள் எவை என்று முன்கூட்டியே கண்டுகொள்வதுதான் மாடல் பார்ப்பதில் முக்கால்வாசி வேலை.

நான் காரைக்குடியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஐப்பசி பிறந்தால் எங்கள் சீமையில் எல்லோருக்கும் வானத்தின் மேல்தான் கண். கண்மாயும் ஊருணியும் நிறைவது வடகிழக்குப் பருவமழையில்தான். வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நாகப்பட்டினம் பக்கம் கரையேறினால் ஒரு மாதிரி, தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு நழுவினால் வேறு மாதிரி. மையம் எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் எங்கள் கண்மாய்க்கு வரத்து உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டத்தான் முதன்முதலில் இணையத்தில் மாடல் படங்களைத் திறந்தேன். மூத்த மகள் கல்யாணமாகி நியூயார்க் போன பிறகு அதே படங்களை அட்லாண்டிக் கரைக்கு நகர்த்திப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் அங்கேயும் இதே கதைதான். மழைக்குப் பதில் பனி.

அந்தக் கரையின் பெரிய பனிப்புயல்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. வடக்கே, கனடாவின் கியூபெக் பக்கம், குளிர்ந்த கனமான காற்று உட்கார்ந்திருக்கும். தெற்கே, வட கரோலினாவின் ஹாட்டெரஸ் முனைக்கு அருகே, கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுகிறது. இந்தக் குளிரும் அந்த வெப்பமும் அருகருகே இருக்கும்போது மேற்கிலிருந்து உயர்மட்டக் காற்றில் ஒரு பள்ளம் (காற்றோட்டம் தெற்கே வளைந்து இறங்கும் இடம்) வந்து சேர்ந்தால், கடலோரத்தில் தாழ்வு உருவாகி வேகமாக வலுப்பெற்று வடகிழக்காக ஏறும். கடலிலிருந்து கரையை நோக்கி வடகிழக்குக் காற்று அடிக்கும். அதனால்தான் அங்கே இதை நார்ஈஸ்டர் என்கிறார்கள். மையம் வட அட்சம் 40, மேற்கு தீர்க்கம் 70 சந்திக்கும் இடத்தை ஒட்டிப் போனால் நியூயார்க், பாஸ்டன் போன்ற கடலோர நகரங்களில் நல்ல பனி. அதைவிடக் கரையை நெருங்கி வந்தால் கடலின் சூடு உள்ளே புகுந்து நகரங்களில் மழையாகிவிடும், பனி உள்நாட்டுக்குப் போய்விடும். இன்னும் கிழக்கே விலகினால் எல்லாம் கடலுக்குள். நூறு கிலோமீட்டர் இப்படி அப்படி நகர்ந்தாலே ஒரு ஊரின் கதை மாறிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2015 ஜனவரி 26 அன்று. பள்ளியில் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மகளின் செய்தி காத்திருந்தது. நியூயார்க்கில் 20 முதல் 30 அங்குலம் வரை பனி பெய்யும் என்று எச்சரிக்கை, கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்துவிட்டன என்றாள். ஐரோப்பிய மாடலைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் சொன்னது. அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். மட்டும் புயலைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்து, நியூயார்க்குக்குக் குறைவாகவே காட்டியது. நான் ஐரோப்பிய மாடலைத்தான் நம்பினேன். அதற்குக் காரணம் இருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடலுக்குள் விலகிப் போகும் என்று ஜி.எஃப்.எஸ். காட்டிய நாட்களில், அது இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரையில் ஏறும் என்று ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே காட்டியது ஐரோப்பிய மாடல். அதன்பின் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு தனி மரியாதை.

"ஏத்தா, வீட்டை விட்டு வெளியே கால் வைக்காதே" என்று மகளிடம் சொன்னேன். அன்றிரவு, பனிக்காக நியூயார்க் சுரங்க ரயிலை அதன் வரலாற்றிலேயே முதல்முறையாக நிறுத்தினார்கள். விடிந்தபோது சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம்தான். "அம்மா, கெண்டைக்கால் வரைக்கும்கூட இல்லை" என்று படம் அனுப்பினாள். நியூ ஜெர்சியிலிருந்த அரசு வானிலை அதிகாரி ஒருவர் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார்.

ஆனால் அதே புயலில் பாஸ்டனில் 24.6 அங்குலம், அதற்கு மேற்கே உள்ள வூஸ்டரில் 34.5 அங்குலம். நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம். மன்ஹாட்டனுக்கும் ஐஸ்லிப்புக்கும் இடையே உள்ள தூரம், காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை. புயலும் வந்தது, பலமும் கணித்தபடிதான் இருந்தது. அதன் மேற்கு விளிம்பு மட்டும் கொஞ்சம் கிழக்கே நின்றுவிட்டது, அந்த விளிம்பில் எண்பது லட்சம் பேர் வாழும் நகரம் இருந்தது. கணிப்பு தவறியதாக உலகமே பேசியது. வூஸ்டரில் இருக்கும் என் நாத்தனார் மகனைக் கேட்டால், கணிப்பு அச்சாகப் பலித்தது என்பான்.

அதிலிருந்து நான் பனி அளவு வரைபடத்தை முதலில் பார்ப்பதே இல்லை. என்செம்பிளைத்தான் பார்க்கிறேன். அது என்னவென்றால், மாடலுக்கு இன்றைய வானம் முழுதாகத் தெரியாது. செயற்கைக்கோள், விமானங்கள், கப்பல்கள், அப்புறம் உலகமெங்கும் ஒரே நேரத்தில் கருவி கட்டி விடப்படும் பலூன்கள் எல்லாம் சேர்ந்து சொல்வதை வைத்து இன்றைய நிலையை ஒரு மாதிரி கட்டிக்கொள்கிறது. (நம் பக்கத்தில் காரைக்காலிலிருந்தும் அப்படி ஒரு பலூன் பறக்கிறது.) அந்தக் கணக்கில் எப்படியும் சிறு பிழை இருக்கும். அதனால் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல தடவை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மாடலில் 51 ஓட்டம், ஜி.எஃப்.எஸ். குடும்பத்தில் இப்போது 31. எல்லா ஓட்டமும் ஒரே இடத்தில் தாழ்வைக் காட்டினால் நம்பலாம். சிதறிக் கிடந்தால், இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் ஊர் அந்தச் சிதறலின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஓரத்தில் இருந்தால் எந்த ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள்.

உங்கள் இரண்டு ஆப்பும் வேறுவேறு சொல்வதும் அநேகமாக இதனால்தான். இரண்டும் ஒவ்வொரு மாடலின் ஒற்றை ஓட்டத்தை எடுத்து எண்ணாகப் போட்டிருக்கும்.

இனி டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜனவரியில் எங்கள் வீட்டில் சின்னவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெரியவள் குடும்பத்தோடு 23ஆம் தேதி சனிக்கிழமை நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் ஏறுவதாக இருந்தாள். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வீடு முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், நான் திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அடுத்த வாரக் கடைசியில் வாஷிங்டன் பக்கம் பெரிய பனிப்புயல் என்று ஜி.எஃப்.எஸ்.ஸும் ஐரோப்பிய மாடலும் ஒரே குரலில் சொல்லத் தொடங்கியிருந்தன. ஆறு நாள் முன்னால் இந்த ஒற்றுமை அபூர்வம். ஆனால் நியூயார்க் இந்தத் தடவை வடக்கு விளிம்பில் இருந்தது. சில ஓட்டங்களில் ஒரு அடிக்கு மேல், சிலவற்றில் பெயருக்குக் கொஞ்சம்.

"என்னம்மா செய்யட்டும்? மாற்றினால் அபராதம் கட்ட வேண்டும். போன வருஷம் மாதிரி ஒன்றும் பெய்யாமல் போனால்?" என்றாள். பெய்யுமா என்று எனக்கும் தெரியாது என்றேன். ஆனால் பெய்தால் நீ தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியாது, பெய்யாவிட்டால் அபராதக் காசு மட்டும்தான் போகும் என்றேன். மருமகனும் சரி அத்தை என்றார். வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் கிளம்பிய அன்றும் நியூயார்க்குக்கு ஓர் அடியை ஒட்டித்தான் பேச்சு இருந்தது. சனிக்கிழமை பெய்துகொண்டிருக்கும்போதே கணிப்பை உயர்த்திக்கொண்டே போனார்கள். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம், அங்கே பதிவான பனிப்பொழிவுகளிலேயே அதுதான் அதிகம். நகர விமான நிலையங்களில் பெரும்பாலான விமானங்கள் ரத்து. பேரன் அந்நேரம் எங்கள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கவனித்தீர்களா, 2015, 2016 இரண்டு தடவையும் நியூயார்க் விளிம்பில்தான் இருந்தது. ஒரு தடவை கணிப்பைவிட மிகக் குறைவு, மறுதடவை மிக அதிகம்.

பனி அளவு பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மழை வந்தால் எங்கள் வீடுகளில் நாலு பக்க ஓட்டுக்கூரைத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டும், அண்டா வைத்துப் பிடிப்போம். வெட்டவெளியில் ஒரு பாத்திரம் வைத்து அதில் ஒரு அங்குலம் தண்ணீர் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீர் பனியாக விழுந்தால் சுமார் பத்து அங்குலம் என்பது பொதுக்கணக்கு. பல இணையதளங்கள் இந்த ஒன்றுக்குப் பத்தை அப்படியே பெருக்கிப் படம் போட்டுவிடுகின்றன. ஆனால் கடுங்குளிரில் பனி பஞ்சு மாதிரி விழும், அப்போது பதினைந்து, இருபது அங்குலம்கூட ஆகும். உறைநிலையை ஒட்டிய ஈரப்பனி என்றால் ஐந்து, ஆறுதான். அதோடு, தரையில் குளிராக இருந்தாலும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பக்காற்று மெல்லிய அடுக்காகப் புகுந்திருந்தால் பனி அங்கேயே உருகி, கீழே வரும்போது கட்டித் துகளாகவோ, தரையில் பட்டதும் உறையும் மழையாகவோ மாறிவிடும். படத்தில் 12 அங்குலம் என்று காட்டிய இடத்தில் கைக்கு வருவது மூன்று அங்குலமாக இருக்கும். நியூ ஜெர்சியில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் மழைக்கும் பனிக்கும் நடுவிலான கோடு பல புயல்களில் அந்த மாநிலத்தின் குறுக்கேதான் போகிறது. வடமேற்கு மலைப்பக்கம் பனி, தெற்குக் கடற்கரையில் மழை. பெற்றோர் தங்கப்போவது நியூ ஜெர்சியில் எந்தப் பகுதி என்பது அதனால் ரொம்ப முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வாரம் முன்னால் தாழ்வு உருவாகுமா என்பதை மட்டும் பாருங்கள், அங்குலக் கணக்கைத் திரும்பியும் பார்க்காதீர்கள். அதைக் கிளப்பப்போகும் உயர்மட்டப் பள்ளம் அப்போது பசிபிக் மேல் எங்கோ இருக்கும், அங்கே பலூன் விடும் இடங்கள் குறைவு. அது அமெரிக்க மேற்குக் கரைக்குள் வந்து பலூன்களின் கணக்கில் சிக்கியதும் கணிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி வரும். மூன்று நான்கு நாள் முன்னால் என்செம்பிள் சிதறலைப் பாருங்கள். விமானத்தை மாற்றுவதா என்று முடிவெடுக்க இதுவே சரியான நேரம். புயல் நெருங்கினால் விமான நிறுவனங்களே கட்டணமில்லாமல் தேதி மாற்ற அனுமதிப்பதுண்டு, அதையும் கவனியுங்கள். கடைசி நாளில் நிலத்தை மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மணிக்கொரு தடவை ஓடும் ஹெச்.ஆர்.ஆர்.ஆர். என்ற மாடல் உதவும். இவை எல்லாவற்றையும்விட, அமெரிக்க அரசு வானிலைத் துறையின் உள்ளூர் அலுவலகம் வெளியிடும் குறைந்தபட்ச, அதிகபட்சப் பனி அளவுப் படங்கள் நல்லவை. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால், நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். அவர்கள் உரையாக எழுதும் விளக்கத்தையும் படியுங்கள். எங்கே சந்தேகம் என்பதை ஒளிக்காமல் எழுதுவார்கள், எனக்கு எந்தப் படத்தையும்விட அதன்மேல்தான் நம்பிக்கை.

நம் நேரத்துக்கு, ஜி.எஃப்.எஸ்.ஸின் முக்கிய ஓட்டங்கள் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பார்க்கத் தோதாக வந்துவிடும். ஐரோப்பிய மாடல் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். 2016இல் அதன் பெரும்பகுதி காசு கட்டுபவர்களுக்குத்தான் கிடைத்தது, இப்போது நிறையவே இலவசம்.

பயணத் தேதியையும் அவர்கள் தங்கும் ஊரையும் கீழே எழுதுங்கள். நான்கு நாள் இருக்கும்போது நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். இரவு பத்து மணி ஓட்டம் வரும்வரை நான் விழித்துத்தான் இருப்பேன்.