தாய்ப்பாலில் தெரிந்த துருவம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடதுருவத்தைச் சுற்றிய ஆர்க்டிக் பகுதியின் கண்காணிப்பில் எட்டு நாடுகள் கைகோத்ததை வியந்து எழுதியிருந்தீர்கள். அவர்கள் போட்ட அறிக்கையால் எந்தப் பனி உருகாமல் நின்றது? ஆளில்லாத இடத்தை அளந்து யாருக்கு என்ன பயன்?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

பனி நிற்கவில்லைதான். ஆனால் ‘ஆளில்லாத இடம்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஆர்க்டிக்கில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

1980களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக்கில் எரிக் டெவாயி என்ற மருத்துவர் தாய்ப்பாலில் பிசிபி எவ்வளவு என்று சோதித்தார். மின்மாற்றி எண்ணெயில் புழங்கிய நச்சு அது. தெற்கே இருந்த ஆலைப் பகுதிகளோடு ஒப்பிட மாசற்ற பால் வேண்டுமென்று வடக்கே இனுயிட் பழங்குடித் தாய்மாரிடம் மாதிரி வாங்கினார். அந்தப் பாலில்தான் ஐந்து மடங்கு இருந்தது. அவர்கள் ஊரில் ஆலையே கிடையாது. தெற்கிலிருந்து காற்றோடும் கடலோடும் வந்த நச்சு, குளிரில் படிந்து, மீன், சீல், திமிங்கிலம் என்று கொழுப்புக்குக் கொழுப்பு ஏறி முலைப்பாலுக்கு வந்திருந்தது.

இதை ஒரு நாடு தனியாக அளந்து என்ன செய்யும்? 1991இல் ஃபின்லாந்தின் ரோவனியமியில் ஆர்க்டிக்கைத் தொடும் எட்டு நாடுகளும் கூடி, ‘ஆமாப்’ என்ற கண்காணிப்புத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. அதுவரை ஒன்றையொன்று வேவு பார்த்த நாடுகள், ஒப்பிடக்கூடிய முறையில் இரத்தத்தையும் காற்றையும் அளக்கத் தொடங்கின. நீங்கள் கேலி செய்யும் அறிக்கை அப்படி வந்ததுதான். நச்சுகளைத் தடைசெய்யும் பேச்சுவார்த்தையில் அது சான்றாக நின்றது. 1999இல் நைரோபியில் நடந்த சுற்றில் இனுயிட் தலைவர் ஷீலா வாட்-க்ளூட்டியே, தாயும் சேயுமான ஒரு சிறு சிற்பத்தைக் கொடுத்தார். பிறகு நடந்த சுற்றுகளில் அது பேச்சுவார்த்தைத் தலைவரின் மேசை மேல் இருந்தது. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவாக 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானது. (நம் ஊரில் கொசுவுக்கு அடித்த டிடிடியும் அதன் பட்டியலில் உண்டு.) இனுயிட் தாய்மாரின் உடலில் பிசிபி அளவு வெகுவாக இறங்கியிருக்கிறது.

உங்கள் சலிப்பில் எனக்கும் பங்குண்டு. அதற்குக் காரணம் வேறு. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி, மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவுடனான ஆர்க்டிக் வேலையை நிறுத்தின. பிறகு எழுத்து வழியாகவும் இணையவழியாகவும் கொஞ்சம் வேலை மட்டும் மீண்டது. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கும் மேல் ரஷ்யாவினுடையது. 2000களின் தொடக்கத்தில் அங்கே சுக்கோத்காவின் கரையோரத் தாய்மாரையும் இதேபோல் சோதித்திருக்கிறார்கள். இன்று அப்படியொரு கூட்டுச் சோதனைக்கு யாரிடம் போய் நிற்பது?