மறு: ஏற்காடு பஸ் நேர ஆப்பில் விளம்பரம் வைக்கலாமா?
சேலம்–ஏற்காடு பஸ் நேர ஆப்புக்கு 49 ரூபாய் வாங்கலாமா, இலவசமா விட்டு ஆட்மாப் (ஆப்புகளுக்கான கூகுளோட விளம்பர சேவை) விளம்பரம் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. விளம்பரமே போடுங்க, பஸ் நேரம் பார்க்க யாருங்க காசு கொடுப்பாங்க? ஆனா கொண்டை ஊசி வளைவுல சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். நெட் இல்லைன்னா விளம்பரம் லோடாகாது, வருமானமும் இல்லை. அதுக்காக அட்டவணையைக் காக்க வைக்காதீங்க, போனிலேயே சேமிச்சுடுங்க.

திரைக்குக் கீழே ஒரு பேனர், அதாவது சின்னப் பட்டை விளம்பரம், போதும். ஆப் திறந்ததுமே ‘இன்டர்ஸ்டீஷியல்’ங்கிற வகை முழுத்திரை விளம்பரம் காட்டுறது கூகுள் விதிக்கே விரோதம். பேனரைப் பட்டனை ஒட்டி வைச்சா கைதவறி விழுற கிளிக் கூடும். கடைசியில கூகுள் விளம்பரத்தையே நிறுத்திடலாம். சோதிக்கும்போது டெஸ்ட் ஐடி (சோதனை விளம்பரத்துக்குன்னு கூகுள் தர்ற அடையாள எண்) மட்டும் பயன்படுத்துங்க. நண்பர்களைக் கிளிக் பண்ணச் சொன்னா கணக்கு முடங்கும். 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் வரும், உள்ளூர் ஆப்புக்கு அது சீக்கிரம் சேராது. அந்த 49 ரூபாயை விளம்பரம் நீக்குறதுக்கான கட்டணமா வைங்க.