உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் மகன் பத்தாவது வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்தான். கபடியில், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டி வரை ஆடினான். நல்ல மதிப்பெண் வந்ததால் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே கால அட்டவணையில் விளையாட்டு வகுப்பு இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கணக்குத் தேர்வு வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதெல்லாம் அழுகிறான். அவனுடைய சான்றிதழ்களால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்குமா? பயன் இல்லையென்றால் விளையாட்டை மறந்துவிடச் சொல்லலாம் என்கிறார் என் கணவர். மகள் மாலையில் வள்ளி கும்மி பழகுவதையும் நிறுத்தச் சொல்கிறார். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

ஒதுக்கீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் உண்டு. குறுவட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதை நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

பையன் அழுகிறான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அவன் சான்றிதழ் எதற்கு உதவும் என்று அடுத்த வரியிலேயே எப்படிக் கேட்க முடிந்தது உங்களால்? பெற்றவர்கள் இருவரும் அவன் அழுகையின் காரணத்தை விட்டுவிட்டு ஆதாயத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

சென்ற மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் பரிசு வழங்க அழைத்திருந்தார்கள். கொடியேற்றம், அணிவகுப்பு எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. வகுப்புக்கு நாலைந்து பேர் ஓடினார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் காலையிலிருந்து மதியம் வரை பந்தலுக்கடியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் சற்றுப் பருமனான ஒரு சிறுமி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விசில் ஊதும்போது முழங்காலில் எழுந்து நின்று, தானே ஓடுவது போல இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தாள். ஓர் ஆசிரியை வந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அன்று முதல் நான் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் உடற்கல்வி வகுப்பு யாருக்கானது என்பதைத்தான். நன்றாக ஓடுகிற பிள்ளை எப்படியும் ஓடிக்கொள்ளும். ஓட வராத, பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்கிற பிள்ளைக்குத்தான் அந்த வகுப்பும் அந்த ஆசிரியரும் முதலில் வேண்டும். கணக்கு வராத பிள்ளையைக் கணக்கு வகுப்பில் ஓரமாக உட்கார வைத்து, கணக்கு வருகிறவனுக்குக் கை தட்டச் சொல்வோமா?

அந்தியூர்ப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியின் பி.டி. வாத்தியார் இதை அறிந்திருந்தார். மழை பெய்து மண் இளகியதும் எங்களைக் கொண்டு மைதானத்தில் கல் பொறுக்கச் செய்வார். அடியில் ஓட்டை போட்ட பால் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிறு பிடித்து, தாமே கோடு போடுவார். அணி பிரிக்கும் வேலையை மட்டும் பையன்களிடம் விடமாட்டார். விட்டால் முதலில் தன் தெருக்காரனையும் கடைசியில் யாருக்கும் வேண்டாதவனையும் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, ஒற்றைப்படைக்காரர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படைக்காரர்களை மறுபக்கமும் அனுப்புவார். அப்படித்தான் ஊர்ப் பையனும் காலனிப் பையனும் கபடியில் கைகோத்து நிற்க நேர்ந்தது. டீக்கடையில் தம்ளர் தனித்தனியாக இருந்த காலம் அது. பாடி வருகிறவனின் கணுக்காலை ஒருவன் பிடிக்க, இடுப்பை இன்னொருவன் வளைக்க, மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கும்போது யாருடைய வியர்வை யார் மேல் படுகிறது என்று பார்க்க முடியாது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மணி அடித்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போனோம். ஆனாலும் ஒருவனைத் தொட்டுப் பிடித்து, அவனிடம் தோற்று, மறுநாளும் அவனோடு ஆடியவனுக்கு அவனைக் கீழாக நினைப்பது அவ்வளவு எளிதில் முடியாது. இதைக் கற்றுக்கொடுக்க நம் பள்ளிகளில் வேறு பாடமே இல்லை.

சட்டமும் இந்த வகுப்பை அரை மனதோடுதான் மதித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றது. உடற்கல்விக்கோ, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்று நிறுத்திக்கொண்டது. 2012-இல் தமிழகத்தில் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வந்து போகிறவர் எந்தப் பிள்ளையின் உடம்பை அறிவார்? வளரும் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு, உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் வாரத்துக்கு ஓரிரண்டு வகுப்பை ஒதுக்கி, அதையும் தேர்வு என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்கிறோம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்கள் கணவர் அறிந்திருப்பார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். பதக்கத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு அதற்கு முந்தைய காலத்தைப் பாருங்கள். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்த பையன் பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். அவனைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். கால் சரியில்லாதவனை ஓரமாக உட்கார் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாரியப்பன் ஒரு பதக்கமும் வாங்காமலே இருந்திருந்தாலும் அந்த வாலிபால் ஆட்டம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியதே.

மகளின் கும்மியைப் பற்றி விவாதிக்கவே எனக்கு விருப்பமில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்கள், ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்; 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஓடியாட இடமே இல்லாமல் போன நம் பக்கத்துப் பெண்கள் இன்று கோயில் திடலில் மணிக்கணக்காக அடி போட்டு ஆடுகிறார்கள். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற நீங்களும் மகளோடு போங்கள், கண்ணு.

பையன் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கால அட்டவணையைக் கையோடு கொண்டுபோய், அச்சடித்த வகுப்பை நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவர் நீங்கள். நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. விடுமுறைக்கு வரும்போது டியூஷனில் அடைக்காமல் பழைய பள்ளி மைதானத்துக்கு அனுப்பி வையுங்கள். இந்தப் பதிலை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுப்பு இருந்தால் அவரே எனக்கு எழுதட்டும்.