ஒற்றை லீவு நாளும் ஒரு ரயில் அட்டையும்: கொரியா பற்றி வாசகர் கேள்விகள்

பர்மாவிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போக, கொரிய மொழித் தேர்வில் தேறிப் புறப்படக் காத்திருக்கும் பிள்ளைகளும், பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் இவை. சம்பளத்தைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு லீவு நாளைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். விடுதி அறையில் படுத்தே அந்த நாளைக் கழித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அது பெரிய இழப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: இஞ்சியோன் பக்கம் தொழிற்சாலையில் வேலை. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பேச்சு தடுமாறும். ரயிலில் தனியாகப் போனால் வழி தவறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. (மோல்மேன் இளைஞர்)

முதல் வேலையாக டீ-மணி என்ற பயணக் கட்டண அட்டை ஒன்றை வாங்கிவிடுங்கள் தம்பி. எந்த கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும். அங்கேயோ ரயில் நிலைய இயந்திரத்திலோ ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். சியோல், இஞ்சியோன் ரயில்களில் 2025 ஜூன் இறுதியிலிருந்து முதல் 10 கிலோமீட்டருக்கு 1,550 வொன். அதன்பின் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வொன் கூடும். ரயிலை விட்டு இறங்கி 30 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது. ஆனால் பேருந்தில் ஏறும்போது மட்டும் அட்டையைக் காட்டினால் போதாது, இறங்கும்போதும் காட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். இறங்கும்போது காட்ட மறந்தால் அந்தச் சலுகை போய்விடும், அடுத்த பயணத்தில் கூடுதலாகவும் பிடிக்கலாம். இரண்டு பேர் ஒரே அட்டையில் போகவும் வேண்டாம்.

இஞ்சியோன் பக்கம் இருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1ஆம் வழித்தடம் குரோ நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை புப்யோங் வழியாக இஞ்சியோனுக்கு, மற்றது தெற்கே சுவோன், சோனான், சின்சாங் பக்கம். சியோலில் ஒரே நடைமேடைக்கு இரண்டு வகை ரயிலும் வரும், நிறமும் ஒன்றேதான். வண்டி நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி ஊரின் பெயரைப் படிக்காமல் ஏறாதீர்கள். தூங்கிவிட்டுத் தெற்குக் கிளையில் கண் விழித்தால் பதற வேண்டாம். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை ரயிலில் குரோவுக்குத் திரும்பி, இஞ்சியோன் ரயில் பிடியுங்கள்.

சில நிலையங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி நுழைவு. தவறான பக்கம் நுழைந்துவிட்டால் வெளியே வந்து அதே நிலையத்தில் 15 நிமிடத்துக்குள் மறுபடி நுழையலாம், மீண்டும் காசு பிடிக்காது. எல்லா நிலையங்களிலும் இந்த வசதி கிடையாது, இருக்கும் இடத்திலும் அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான்.

வழி பார்க்க நேவர் மேப் அல்லது ககாவ் மேப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியில் ஏறினால் மாறுவது சுலபம், எத்தனையாவது வாசலில் வெளியேற வேண்டும் என்பதுவரை அவை சொல்லும். நண்பரைச் சந்திப்பதென்றால் நிலையத்தின் பெயரோடு வாசல் எண்ணையும் சொல்லுங்கள். பெரிய நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு வாசல்கள் இருக்கும். விடுமுறை நாளில் கடைசி ரயில் மற்ற நாட்களைவிட முந்திப் போய்விடும் என்பதால் இரவு பத்தரைக்குள் திரும்பும் ரயிலில் இருப்பது நல்லது.

முதல் ஞாயிறு எங்கே போவது என்றால் புப்யோங்தான். மியன்மார் உணவுக்கடைகள், மளிகைக்கடைகள், பிக்குகளின் மடங்கள் எல்லாம் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஙப்பி என்ற மீன் விழுதும் லபெ என்ற ஊறவைத்த தேயிலையும் கிடைக்கும். பர்மிய மொழியில் பேசிக்கொண்டே ஒரு மொஹிங்கா சாப்பிட்டால் பாதிப் பயம் போய்விடும். துவரம்பருப்பு, கொத்தமல்லித் தூள், வெந்தயம் வேண்டுமென்றால் ஆன்சான் நிலையத்துக்கு எதிரே உள்ள பன்னாட்டுத் தெருவுக்குப் போங்கள், அல்லது சியோலில் இதேவோன் பள்ளிவாசல் பக்கக் கடைகளில் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. மகன் வெளியில் போனால் எதைச் சாப்பிடுவான்? (ஒரு தாய், தாட்டோன்)

கவலை நியாயமானதுதான் அம்மா. கொரியாவில் மாட்டிறைச்சி கண்ணுக்குத் தெரியும் துண்டாக மட்டும் வராது, குழம்பின் தண்ணீரிலேயே இருக்கும். சொல்லொங்தாங், கல்பிதாங், யுக்கேஜாங் மூன்றும் மாட்டுச் சாறு. கோடையில் குளிரக் குளிரக் கொடுக்கும் நெங்மியோன் நூடுல்ஸின் சாறும் பெரும்பாலும் அதுவே. புத்தாண்டுக்குக் கொடுக்கும் தொக்குக், பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்பான மியோக்குக் இரண்டிலும் வழக்கமாக மாட்டிறைச்சி போடுவார்கள். பிபிம்பாப் காய்கறிச் சோறுதான் என்று நம்பி வாங்கினால் நடுவில் கொத்துக்கறி இருக்கும். சில கடைகளில் அந்தச் சிவப்பு மிளகாய் விழுதையே கறி சேர்த்து வதக்கியிருப்பார்கள்.

மகன் மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘சோ’ மாடு, ‘தேஜி’ பன்றி, ‘தக்’ கோழி. கல்பி (விலா இறைச்சி) என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கறி என்று கேட்க வேண்டும். தக்கல்பி என்றால் கோழி. இரும்புத் தட்டில் முட்டைக்கோஸோடும் காரத்தோடும் வதக்கி, கடைசியில் அதே தட்டில் சோறு போட்டுப் பிரட்டித் தருவார்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே பிடித்துப்போகும். முழுக்கோழிச் சூப்பான சம்கேதாங், கானாங்கெளுத்தி மீனைச் சுட்டுத் தரும் கோதுங்ஓ குய், மட்டி போட்ட பாஜிராக் கல்குக்சு நூடுல்ஸ் ஆகியவையும் நல்லவை.

கடையில் சொல்ல: “ஜோனுன் சோகோகி மோன் மோகோயோ” (என்னால் மாட்டிறைச்சி சாப்பிட முடியாது). சாற்றைப் பற்றிக் கேட்க: “சோகோகி யுக்சுயெயோ?” (மாட்டுச் சாறா?). வெறுமனே ‘கறியை எடுத்துவிடுங்கள்’ என்றால் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் செய்கிறார்கள். பாக்கெட் நூடுல்ஸ் உறையில் ஒவ்வாமைப் பொருட்களை அச்சிட வேண்டும் என்பது சட்டம், மாட்டிறைச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே அது ‘சோகோகி’ என்று இராமல் ‘சுவெகோகி’ என்று இருக்கும். இரண்டு எழுத்துக்கூட்டலையும் போனில் படமாக வைத்திருக்கட்டும்.

முழு சைவம் இன்னும் கடினம். கிம்ச்சியில் மீன் சாறோ இறால் விழுதோ சேரும், காய்ச் சூப்பில் நெத்திலித் தண்ணீர். நம்பிச் சாப்பிடக்கூடியது புத்தக் கோயில் சமையல். அதில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று: கறியைச் சுட்டுத் தரும் கடைகள் பலவற்றில் குறைந்தது இரண்டு ஆளுக்குத்தான் ஆர்டர் எடுப்பார்கள். தனியாகப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் அவமானப்படுத்திவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளூர்க்காரருக்கும் அதே விதிதான்.

கேள்வி: சியோலில் ஒரு நாள், கையில் குறைந்த காசு. எங்கே போகலாம்? (யாங்கோன் வாசகி)

புப்யோங்கிலிருந்து 1ஆம் வழித்தடத்தில் ஜோங்னோ சம்-கா, அங்கே 3ஆம் வழித்தடத்துக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் கியோங்போக்குங். 5ஆம் வாசலில் ஏறினால் அரண்மனைக்குள்ளேயே வந்துவிடுவீர்கள். 1395இல் கட்டியது, நுழைவு 3,000 வொன். காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் காவலர் மாறும் சடங்கு நடக்கும். செவ்வாய் விடுமுறை. மற்ற அரண்மனைகளுக்குத் திங்கள் விடுமுறை. ஷிப்ட் மாறி வார நாளில் லீவு கிடைக்கிறவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தியிருந்தால் நுழைவு இலவசம். மேலாடை, கீழாடை இரண்டும் ஹான்போக்காக இருக்க வேண்டும், ஜீன்ஸுக்கு மேல் சட்டை மட்டும் போட்டால் செல்லாது. வாடகைக் கடையில் திருப்பித் தரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், தாமதத்துக்குத் தனிக் காசு.

அங்கிருந்து நடந்தால் சோங்கேசோன் ஓடை. மேம்பாலத்தை இடித்து 2005இல் மீட்டெடுத்த நீரோடை இது, நகரின் நடுவில் கால் நனைத்து உட்காரலாம், காசில்லை. நேரமிருந்தால் யோங்சான் போய் ஒரு நிறுத்தம் தள்ளி இச்சோனில் இறங்குங்கள். தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்கள் இலவசம். கன்னத்தில் விரல் வைத்துச் சிந்தனையில் அமர்ந்த இரண்டு போதிசத்துவர் சிலைகளுக்கென்று மங்கிய வெளிச்சத்தில் தனி அறை இருக்கிறது. ஆறாம், ஏழாம் நூற்றாண்டு வேலைப்பாடு. பகோடாக்களின் நாட்டில் பிறந்தவர்கள் அந்த அறையைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: கொரிய மொழியில் அப்பா, அம்மா இருக்கிறதாமே? தமிழ் இளவரசி அங்கே அரசியானதும் உண்மையா? (பெகு வாசகர்)

‘ஆப்பா’, ‘ஓம்மா’ உண்டு. நான் என்பதற்கு ‘நா’, நாள் என்பதற்கு ‘நால்’, புல்லுக்குப் ‘புல்’. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு எழுதினார். இன்றைய மொழியியலாளர் இரண்டையும் ஒரே குடும்பமாக ஏற்பதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கற்பவருக்கு உண்மையான லாபம் சொற்களில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டும். தமிழில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் வைத்தாலே பாதி வாக்கியம் சரியாக அமையும்.

ஒரு எச்சரிக்கை. ‘நோ’ என்றால் நீ. பெரியவரிடம் அதைச் சொன்னால் நம்மூரில் தாத்தாவை ‘நீ’ என்றது போலத்தான். முதலாளி ‘சாஜங்நிம்’, மேஸ்திரி ‘பான்ஜங்நிம்’. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால், அல்லது வலது கையை இடது கையால் தாங்கி. இது பர்மாவில் வளர்ந்தவர்களுக்குத் தானாகவே வரும்.

அரசி கதை, இர்யோன் என்ற பிக்கு 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘சம்குக் யுசா’வில் வருகிறது. கி.பி. 48இல் ‘அயுதா’ என்ற நாட்டிலிருந்து ஓர் இளவரசி கடல் வழியே வந்து சுரோ மன்னனை மணந்தாள் என்கிறது. அயுதா அயோத்தி என்பவரும், தமிழ்நாட்டின் தென்கோடி என்பவரும் உண்டு. எதற்கும் உறுதியான சான்றில்லை. ஆனாலும் பூசான் பக்கம் வேலை செய்பவர்கள் கிம்ஹே போய்ப் பாருங்கள். பூசானின் சாசாங் நிலையத்தில் இலகு ரயில் ஏறினால் சுரோ மன்னன் சமாதியின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. அதே ஊரில்தான் அரசியின் சமாதியும், அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் பாசா கல் அடுக்கும்.

கேள்வி: குப்பைக்கு அபராதம் போட்டார்கள் என்று தம்பி சொல்கிறான். என்ன தவறு செய்திருப்பான்? (மோல்மேன் வாசகி)

பெரும்பாலும் பைதான். 1995 முதல் அந்தந்த வட்டாரம் அச்சிட்ட கட்டணப் பையில்தான் குப்பை போட வேண்டும். கன்வீனியன்ஸ் கடையில் கிடைக்கும். பக்கத்து வட்டாரத்துப் பை இங்கே செல்லாது. அடுத்தது சமையல் மிச்சம். விலங்கு தின்னக்கூடியதா என்பதே அளவுகோல். எலும்பு, முட்டை ஓடு, நண்டு இறால் ஓடு, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய் ஓடு எல்லாம் சாதாரணக் குப்பைப் பைக்கு. மிஞ்சிய சோறு, காய், குழம்பின் சக்கை உணவுக் கழிவுக்கு, தண்ணீர் வடித்துவிட்டு. ரசம் போலத் தண்ணீராக ஊற்றினால் பை கிழியும், நாற்றமெடுக்கும், புகார் வரும்.

கேள்வி: ஜிம்ஜில்பாங் குளியலுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது. (யாங்கோன் இளைஞர்)

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் பகுதி. அங்கே உடை எதுவும் கூடாது, கைலி கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கவும் முடியாது. முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போக வேண்டும். கூச்சம் விடவில்லையென்றால் விரைவாகக் குளித்து, அவர்கள் தரும் சட்டை, கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பொதுச் சூடறைக்குப் போய்விடுங்கள். அங்கே எல்லாரும் உடையோடுதான் படுத்திருப்பார்கள்.

கேள்வி: மலை ஏறுவது அங்கே பெரிய பொழுதுபோக்காமே? (தாட்டோன் வாசகர்)

ஆமாம், செலவும் இல்லை. ஆனால் நம் சைத்தியோ பொற்பாறை மலைக்கு லாரியில் ஏறிப் பழகியவர்கள் நேராக புக்ஹான்சானுக்குப் போக வேண்டாம். அதன் உச்சியான பேகுண்டே 836 மீட்டர். கடைசிப் பகுதி வெறும் கருங்கல், இரும்புக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் வழுக்கும், சாதாரண ரப்பர் செருப்பு அங்கே ஆபத்து. முதலில் இஞ்சியோனில் கேயாங்சான் ஏறுங்கள், 395 மீட்டர்தான். எந்த மலையானாலும் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவாரத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். தேசியப் பூங்கா உச்சிகளில் 2018 முதல் மது குடிக்கத் தடை. விபத்தென்றால் 119. வழியில் நடப்பட்ட கம்பங்களில் இட எண் இருக்கும், அதைப் படித்துச் சொன்னால் சரியாக வந்து சேருவார்கள்.

கேள்வி: மகளுக்குக் குத்துவிளக்கும், வீட்டில் செய்த கறி வற்றலும் கொடுத்தனுப்பலாமா? (ஒரு தகப்பனார், பெகு)

கறி வற்றல் வேண்டவே வேண்டாம் ஐயா. இறைச்சி எந்த வடிவிலும் கொண்டுபோகக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து பன்றி இறைச்சியைச் சொல்லாமல் கொண்டுவந்தால் முதல் தடவையே 50 லட்சம் வொன் அபராதம், மியன்மாரில் 2019இலேயே அந்த நோய் வந்துவிட்டது. பழம், செடி, விதையும் வேண்டாம். மசாலாத் தூளை நன்றாக ஒட்டிய பாக்கெட்டில் அனுப்புங்கள்.

விளக்கைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தொழிற்சாலை விடுதிகள் பல, நடுவில் நுரை வைத்த தகட்டுப் பலகையால் கட்டியவை. ஒரு பொறி பட்டால் நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவதும் கற்பூரம் காட்டுவதும் அறைக்குள் கூடாது. கார்த்திகைக்கு அந்தக் குத்துவிளக்கின் முகத்தில் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை வைக்கச் சொல்லுங்கள்.