வங்கி காலி செய்த மாடியும் ‘ஐடியா’ புரோக்கரும்

கேள்வி: மதுரை மேலமாசி வீதியில் எங்களுக்கு 1,800 சதுர அடி முதல் மாடி இருக்கிறது. 52,000 ரூபாய் வாடகைக்கு இருந்த வங்கி காலி செய்து 14 மாதம் ஆகிறது. லிஃப்ட் இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை, உள்ளே ஒரு ஸ்ட்ராங் ரூம் வேறு. ஒரு புரோக்கர், “மொத்தமாக 35,000-க்கு என்னிடம் விடுங்கள். கேபின் தடுத்து நான் விட்டுக்கொள்கிறேன். 11 மாத அக்ரிமென்ட் போதும்” என்கிறார். புது மாதிரி யோசிக்கிறார் என்கிறான் என் மகன். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மகனிடம் சொல்லுங்கள், இந்தப் ‘புது மாதிரி’க்குப் பழைய பெயர் உள்வாடகை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது அந்த ஸ்ட்ராங் ரூம்தான். வருகிற புரோக்கரெல்லாம் அதை ஒரு குறையாகக் காட்டி வாடகையைக் குறைத்திருப்பார்கள். கொஞ்சம் யோசிக்கிற ஆள், அந்தக் கான்கிரீட் அறை யாருக்குத் தேவை என்று கேட்டிருப்பார். நகைக்கடன் நிறுவனங்கள் நகையைப் பத்திரமாக வைக்கும் வசதி இல்லாமல் கிளை திறக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புதிதாகக் கட்டினால் அவர்களுக்குச் செலவு. உங்களிடம் அது தயாராக இருக்கிறது. அடகு வைக்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் தேடுவதும் குறைவு. அக்கம்பக்கத்து நகை மொத்த வியாபாரிகளையும் கேட்டுப் பார்க்கலாம். புரோக்கரின் மூளை வேலை செய்ய வேண்டியது இந்த இடத்தில். ஒப்பந்தப் பத்திரத்தில் அவர் மூளையைக் காட்டினால் உஷாராகிவிடுங்கள்.

உள்வாடகையில் நடப்பது இதுதான். அவர் ஆறு பேரிடம் அட்வான்ஸ் வாங்குவார். நாலு மாதம் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும். பிறகு போனை எடுக்க மாட்டார். ஆறு பேரும் உங்கள் வாசலில் நிற்பார்கள். இப்படி வந்து நின்றவர்களை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

‘11 மாதம்’ என்பதும் பாதி உண்மைதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும்.

மொத்தமாக விடுவது ஒரு நிலையில் மட்டும் சரிப்படும். அவர் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். கேபின், வயரிங், ஏசி எல்லாம் அவர் செலவு. ஐந்து வருட ஒப்பந்தம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து. முதல் மூன்று வருடம் அவர் காலி செய்ய முடியாத ஷரத்தோடு. உள்வாடகைக்கு விட உங்கள் சம்மதம் துணை ஒப்பந்தமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயரும், அவர் கொடுத்த அட்வான்ஸும் உங்கள் கைக்கு வர வேண்டும். இவர் இரண்டு மாதம் வாடகை தவறினால் அவர்கள் நேரே உங்களிடமே கட்டுவார்கள் என்றும் எழுதுங்கள். இத்தனைக்கும் தலையாட்டுகிற ஆள் வந்தால், 35,000 என்பதைக்கூடப் பேசிப் பார்க்கலாம். டியூஷன் சென்டருக்கு மட்டும் தடுக்க விடாதீர்கள். 2019-இல் சூரத்தில் மாடியில் நடந்த பயிற்சி மையம் தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள். உங்கள் மாடிக்கும் ஒரே படிக்கட்டு என்றால் யோசியுங்கள்.

புரோக்கர் ‘ரெரா’ (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு) நம்பர் காட்டினால் மயங்காதீர்கள். அந்தப் பதிவு வீட்டுமனை, அடுக்ககத் திட்டங்களில் விற்பனை செய்து தருகிறவர்களுக்கானது. கடை வாடகைக்குப் பிடித்துத் தருகிறவரை அந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை. ஒரு செல்போன் இருந்தால் போதும், அவர் புரோக்கர். ஏமாந்த பிறகு போலீஸுக்குப் போனால் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள், கோர்ட்டுக்குப் போனால் வாய்தா.

நாளைக்கு அவர் வந்தால் ஒன்று கேளுங்கள்: “இந்த ஸ்ட்ராங் ரூமுக்கு எந்தெந்த நகைக்கடன் கம்பெனியிடம் பேசினீர்கள்?” பேசியிருந்தால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்கலாம், அதுவும் வருகிறவர் அட்வான்ஸ் கட்டிய பிறகு. அதுவரை சாவி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.