பந்தல் நிறையக் கொடி, ஒரு பூ இல்லை!

கேள்வி: இத்தனை வருடம் சென்னையில் குடியிருந்துவிட்டு, கணவர் ஓய்வு பெற்றதும் போன மார்கழியில் ஆலங்குடிப் பக்கம் அவருடைய சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். தை பிறந்ததும் கொல்லையில் கத்திரி, தக்காளி, அவரை எல்லாம் போட்டேன். கத்திரியும் தக்காளியும் சித்திரை வெயிலில் பூ உதிர்ந்து வாடிவிட்டன. அவரை மட்டும் பந்தலை மூடிக்கொண்டு கிடக்கிறது. ஆனி பிறந்தும் ஒரு பூ இல்லை. ‘மலட்டுக் கொடி, வெட்டிப் போடு’ என்கிறார் கணவர். ‘கார்த்திகை வரட்டும்’ என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது? ஆடியில் என்ன போடலாம்?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள். முழுக்க வேண்டாம், முக்கால்வாசி போதும்.

உங்கள் கொடி மலடு இல்லை. ஊர் வீடுகளில் பந்தலில் ஏற்றுகிற பழைய அவரை, பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். நம் ஊரில் வருடம் பூராவும் பகல் ஒரே மாதிரிதானே என்று தோன்றலாம். ஆனால் ஆனி முதல் வாரத்துப் பகலுக்கும் மார்கழி முதல் வாரத்துப் பகலுக்கும் புதுக்கோட்டையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. நமக்கு அது உறைக்காது, அவரைக்கு உறைக்கும். நீங்கள் விதைத்தது தையில். கொடி வளர வளரப் பகலும் நீண்டுகொண்டே போனது. பூக்கிற பருவம் வந்தபோது இரவு சுருங்கிவிட்டது. கொடி என்ன செய்யும்? நீங்கள் போட்ட எருவையும் ஊற்றிய தண்ணீரையும் இலையாக்கிக்கொண்டது. அதே விதையை ஆடியில் ஊன்றியிருந்தால் புரட்டாசி, ஐப்பசியில் பந்தல் ஏறி, கார்த்திகையில் பூத்து, மார்கழியில் காய்த்திருக்கும். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் பரங்கியும் கிழங்கும் ஒன்றாகக் கொதிப்பது சும்மா இல்லை. அந்த நேரத்தில் கொல்லையில் இருப்பதே அவைதான்.

வருடம் முழுக்க அவரைக்காய் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கோ’ வரிசைச் செடி அவரைகள் இருக்கின்றன. பந்தல் வேண்டாம், பகல் நீளத்தையும் பெரிதாகப் பார்க்காது. வாசல் ஓரம் நாலு செடி இருந்தால் அவசரத்துக்கு ஆகும். ருசியில் அது பந்தல் அவரைக்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி.

மாமியார் பேச்சில் முக்கால்வாசி என்றேன். மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். இந்தக் கொடியை அப்படியே விட்டால் கார்த்திகையில் பூக்கத்தான் செய்யும். ஆனால் அதுவரை பந்தலுக்குள் வெளிச்சமே புகாது, உள்ளே இலை பழுத்துப் பூச்சிக்கு வீடாகிவிடும். அதனால் நல்ல தண்டாக ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தி, ஆடி பிறந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். புதிதாகத் துளிர்க்கும். மற்றதை வேரோடு எடுத்துவிடலாம், உங்கள் கணவருக்கும் மனது ஆறும். வெட்டிய கொடியைக் குப்பையில் கொட்ட வேண்டாம். வாழை அடியிலோ தென்னை அடியிலோ பரப்பினால் மூடாக்கு ஆகும். இனி எருவையும் குறைத்துக்கொள்ளுங்கள். சாணி எருவை அள்ளி அள்ளிப் போட்டால் பூக்கிற காலத்திலும் இலைதான் வரும்.

எடுத்த இடத்தில் புது விதை போடுங்கள். ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலைந்து விதை. முளைத்ததும் வலுவான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். குழிக்குக் குழி ஏழெட்டு அடி இடைவெளி இருக்கட்டும். உங்கள் பந்தல் வீட்டுப் பந்தல்தானே, மூன்று குழிக்கு மேல் வேண்டாம். போன முறை எத்தனை போட்டீர்கள் என்று எழுதவில்லை, நிறையப் போட்டிருப்பீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆடியில் மழையைவிடக் காற்றுதான் தொந்தரவு. அம்மியே பறக்கும் என்பார்கள், இரண்டு இலை விட்ட நாற்று எம்மாத்திரம்? உங்கள் பக்கத்துச் செம்மண் காலையில் நனைத்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள். வேரடியில் சருகு போட்டு மூடுங்கள். ஆவணியில் சாயங்கால இடிமழை இரண்டு இறங்கிவிட்டால் அப்புறம் கவலை இல்லை.

அவரையோடு புடல், பாகல், பீர்க்கன், பரங்கி எல்லாம் ஆடியில் போடலாம். வெண்டையும் வரும். கத்திரிக்கும் மிளகாய்க்கும் இப்போதே நாற்று விடுங்கள். உங்கள் பழைய கத்திரியைப் பிடுங்கிவிடவில்லையே? வேரில் உயிர் இருந்தால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். தழைத்துவந்து மறுபடி காய்க்கும். தக்காளிக்கு மட்டும் அந்தத் தெம்பு கிடையாது. மத்தியான வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியிலும் புழுக்கம் இறங்காவிட்டால் பூவை உதிர்த்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. கீரையை ஐப்பசி அடைமழையில் விதைக்காதீர்கள். விதை தண்ணீரோடு போய்விடும்.

மழைக்கு முன் பந்தல் காலைப் பாருங்கள். நனைந்த அவரைக் கொடியின் கனத்தை விதைக்கும்போது யாரும் நினைப்பதில்லை. உங்கள் வட்டாரத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் எப்படிச் சாய்த்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். பந்தல் ஆள் கை எட்டுகிற உயரத்தில் இருந்தால் போதும். உளுத்த காலை ஆவணியிலேயே மாற்றுங்கள்.

கார்த்திகையில் பூ வந்ததும் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், ‘அவரையில் பேன் பிடித்துவிட்டது’ என்று. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேகமூட்டமும் பனியும் சேர்கிற நாளில் கொழுந்திலும் பூங்கொத்திலும் பிஞ்சிலும் கறுப்பாக, மிளகுத்தூள் தூவினாற்போல் அசுவினி என்கிற இந்தப் பேன் அப்பிக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் மெதுவாக நகரும். தண்டில் எறும்பு வரிசை மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும். அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக வருகிற எறும்பு அது. அந்த நீர் வடிந்த இலையில் பிசுபிசுப்பும், மேலே கரிபடிந்தாற்போல் பூசணமும் வரும். எறும்பு ஏறத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் வேலை சுலபம். மோசமான கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள். பனி ஈரம் காயுமுன் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு இல்லாத வீடு என்றால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கலாம். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளியுள்ள பொறிவண்டு தெரிந்தால் அந்தக் கொடியில் எதையும் அடிக்க வேண்டாம். அது தின்பதே அசுவினியைத்தான். முள் முள்ளாக, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு ஊர்ந்தால் அதையும் நசுக்காதீர்கள். பொறிவண்டின் குட்டி அது.

கோடையைப் பற்றி ஒன்று. சந்தையில் எந்த நாளும் எந்தக் காயும் கிடைத்த பழக்கத்தில் பங்குனியிலும் சித்திரையிலும் கொல்லை அப்படியே தர வேண்டும் என்று நினைத்து வருத்தப்படுகிறீர்கள். அந்த இரண்டு மாதமும் கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை, முருங்கை, இவ்வளவுதான் கணக்கு. மீதி இடத்தில் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கிற சமயம் மடக்கி மண்ணில் போட்டால் ஆடிக்கு எரு ஆயிற்று. தண்ணீர் குறைவு என்றால் சும்மா சருகைப் போட்டு மூடிவையுங்கள். அந்த மாதங்களில் கொல்லையைவிட மொட்டை மாடியில்தான் வேலை அதிகம். வற்றல், வடகம், புளி எல்லாம் அப்போதுதான். மாமியார் கொத்தவரையை வேகவைத்துக் காயப்போடுவார், கூட நின்று உப்புப் பதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைக்குக் கடைக்கு ஓடவேண்டாம். மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ கேளுங்கள், உங்கள் ஊர் மண்ணில் காய்த்த விதை கிடைக்கும். ஊன்றுமுன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து நாலைந்து நாள் வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. பாதிதான் முளைக்கிறது என்றால் குழிக்கு இரண்டு கூடப் போடுங்கள். அடுத்த வருடத்துக்கு, பூச்சி படாத கொடியாகப் பார்த்து நாலு கொத்தைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். மாசியில் நெற்று காய்ந்து கலகலக்கும்போது பறித்து, உரித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிவைத்தால் அடுத்த ஆடிக்கு ஆகும். டப்பாவின் மேல் வருடத்தை எழுத மறக்காதீர்கள்.