கல்லைக் கொட்டியது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு புதுச்சேரி போகிறோம். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது. பயமில்லாமல் எங்கே குளிக்கலாம்? எங்கே தங்கலாம், சாப்பிடலாம்? போன முறை பார்த்தபோது காந்தி சிலைப் பக்கம் நிறையக் கருங்கல். அழகான கடற்கரையை இப்படிக் கல்லைக் கொட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்களே, ஏன்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

தங்குமிடம், சாப்பாடு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. சில வாரங்களாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

கல் கடற்கரையைக் கெடுக்கவில்லை. மணல் போன பிறகு, ஊரும் போய்விடக்கூடாது என்று கொட்டிய கல் அது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை சாய்வாக வந்து அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யாமல் கல்லைக் கொட்டினார்கள்.

கல்சுவர் சாலையைக் காக்கும், மணலைத் திருப்பித் தராது. மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலையும் பறித்துப் போகும். சுவர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் அரிப்பு தொடங்கும். அப்படித்தான் கோட்டக்குப்பம் பக்கத்து மீனவர் வீடுகள் கடலுக்குப் போயின. அவர்கள் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கேட்டார்கள். அது வந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே இருக்கும் குப்பம் அரிபடும். பிறகு அந்தக் குப்பமும் கேட்கும். ஈரோட்டுக்காரரான உங்களுக்கு வாய்க்கால் தெரியும். மேல்மடையை அடைத்தவரை விட்டுவிட்டுக் கடைமடைக்காரரைத் திட்டுகிறீர்கள்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் துறைமுக வாயில் மணல் நகராதவரை இதெல்லாம் பாதி வைத்தியம்.

குளிப்பதற்கு வருகிறேன். தந்திராயன்குப்பத்தில், செரினிட்டி பீச் என்கிறார்களே, அங்கே தூண்டில் வளைவுகளை ஒட்டி மணல் இருக்கிறது. கல்லை ஒட்டிய தண்ணீர் சாதுவாகத் தெரியும், எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியும் அதுதான். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல், கலங்கலாக, நுரை வெளியே போனால் அங்கே இழுவை இருக்கிறது. கல்லிலிருந்து 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். மிதந்து, கையை உயர்த்தி, கல்லுக்கு எதிர்ப்பக்கமாகக் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் திரும்புங்கள்.

சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து படகில் போகும் பாரடைஸ் பீச்சில் மணல் அருமை. ஆனால் முகத்துவாரத்தை ஒட்டி, கடல்நீர் இறங்கும் வற்றுநீர் நேரத்தில் இழுவை கடுமை. பிள்ளைகள் காலை நனைக்கலாம், அவ்வளவுதான்.

டிசம்பரில் ஆறு வயதுப் பிள்ளையைக் கடலில் குளிக்க வைக்கக் கேட்கிறீர்களே, எனக்குக் கோபம்தான் வருகிறது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது 2024 நவம்பர் 30இல். வடகிழக்குப் பருவத்தின் கொந்தளிப்பு அடங்கப் பொங்கல் தாண்ட வேண்டும். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு பாருங்கள். அப்போதும் கரையில் நிற்கும் மீனவர் "இறங்காதீங்க" என்றால் எதிர்த்துப் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள்.